நான்கரை மணிப் பெட்டி

லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்துவார்கள். அந்த மணி எங்கே அடிக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அது அவள் மேஜையில் அடிக்கும்.

பதினோரு வருஷமாக அடிக்கிறது. லிஃப்ட் கம்பெனியின் கிடங்குக்குப் பின்னால், தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, சுவரை அடைத்து நகரத்தின் வரைபடம். கம்பெனி பராமரிக்கும் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் அதில் சிவப்புத் தலைக் குண்டூசி. மணி அடித்ததும் மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேருகிறவரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டும். கதவு திறந்து, மெக்கானிக் "முடிஞ்சுதுக்கா" என்று சொன்ன பிறகுதான் தொடர்பைத் துண்டிக்கலாம். கம்பெனியில் அவள் ஒருநாளும் மீறாத விதி இது ஒன்றுதான்.

சேர்ந்த புதிதில் "பயப்படாதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அதைக் கேட்ட பிறகுதான் பலருக்குப் பயமே வந்தது. அப்புறம் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"கையில என்ன வெச்சிருக்கீங்க?"

யாரும் எதிர்பார்க்காத கேள்வி. கையைப் பார்ப்பார்கள். மூச்சு கொஞ்சம் இறங்கும். ஒருவர் மீன் வைத்திருந்தார். பாலிதீன் பையில் தண்ணீர், அதற்குள் இரண்டு மீன், மகளுக்காம். நாற்பது நிமிஷம் மீனைப் பற்றியே பேசினார்கள். எது எதைத் துரத்துகிறது, பையில் காற்று போதுமா, பெயர் வைத்தாயிற்றா. கதவு திறந்ததும் அவர் மீனோடு போய்விட்டார். எல்லோரும் அப்படித்தான் போவார்கள். சுவரில் இருக்கும் சல்லடை போன்ற அந்த ஒலிபெருக்கியிடம் திரும்பி வந்து யாரும் விடைபெற்றதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. காலடிச் சத்தம் ஓயும்வரை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மெக்கானிக்குகள் அவளை லிஃப்டக்கா என்று கூப்பிட்டார்கள். லிஃப்டக்காவால் லிஃப்டில் ஏற முடியாது என்பது அவர்களுக்குள் பழைய வேடிக்கை. அவளுடைய பவர் வீல்சேர் பேட்டரியும் தடித்த சக்கரமுமாக நூற்று முப்பது கிலோ. பாதி லிஃப்டுகளில் நுழையாது, நுழைந்தாலும் திரும்ப இடமிருக்காது. முப்பது வயதில் காலின் தசைகள் ஒவ்வொன்றாக லீவு எடுக்க ஆரம்பித்தன. எதுவும் வேலைக்குத் திரும்பவில்லை. இப்போது நாற்பத்தேழு. வலது கை நன்றாக வேலை செய்கிறது. இடது கை மனசு வைத்தால் செய்யும்.

தம்பி வீட்டின் பக்கவாட்டு அறையில் இருந்தாள். தனி வாசல், அதற்கு ஒரு சரிவுப் பலகை. வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு கதவு, தாழ்ப்பாள் அந்தப் பக்கம். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அது திறக்கும். தம்பி பெண்டாட்டி நல்லவள். தட்டை வைத்துவிட்டு, "வேற ஏதாவது வேணுமா அண்ணி?" என்று தினமும் கேட்பாள். கேட்கும்போது ஒரு கை கதவிலேயே இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் அவளோடு அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் பேசியவர்கள் எல்லோரும் எங்காவது மாட்டிக்கொண்டவர்களாகவே இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தட்டோடு தம்பியும் வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானேக்கா?"

"லீவுதான். ஏன்?"

"தீம் பார்க் போலாம்னு பசங்க உசிரை எடுக்கறாங்க. நீயும் வாயேன். எத்தனை நாள்தான் இந்த ரூமுக்குள்ளயே..."

"நான் வந்து என்னடா பண்ணப்போறேன்?"

அதற்குள் சின்னவன் கதவிடுக்கில் தலையை நீட்டினான். "அத்தை வந்தா நமக்கு க்யூவே கிடையாதாம்! அக்கா நெட்ல பாத்தா! வீல்சேர்ல ஒருத்தர் இருந்தா கூட அஞ்சு பேர் நேரா உள்ள போலாமாம்!"

தம்பி தரையைப் பார்த்தான். மூத்தவள் உள்ளேயிருந்து சின்னவனின் சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. லிஃப்டக்காதான் முதலில் சிரித்தாள். வேறு யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தால் விடிந்துவிடும்.

"சரிதான். என் நாற்காலிக்கு இவ்ளோ செல்வாக்கா? வரேன். ஆனா ஒன்னு."

"சொல்லுக்கா."

"ராட்டினம் இருக்குமில்ல, பெரிசு? அதுல ஒரே ஒரு பெட்டியில நாற்காலியோட ஏறலாம்னு கேள்விப்பட்டிருக்கேன். அதுல எல்லாரும் வரணும். என்னோட."

"இதென்னக்கா பெரிய விஷயம்."

அவளுக்குப் பெரிய விஷயம்தான். ஊசி குத்திய கட்டடங்களை அவள் குரலாக மட்டுமே அறிவாள். அவற்றை ஒருதடவை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டாள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்ற இருபது நிமிஷம். ஆறு பேர், ஒரு பெட்டி, கதவைச் சாத்திவிடுவார்கள். இருபது நிமிஷத்துக்கு யாரும் எழுந்து போக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவின் வாசல் கவுண்டரில் இருந்த பெண் அவளைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்டாள். "இவங்க ரொம்ப நேரம் உக்காருவாங்களா சார்?"

"காலையிலேர்ந்து உக்காந்துதாம்மா இருக்கேன்" என்றாள் லிஃப்டக்கா. "இன்னும் எந்திரிக்கலை."

குட்டி மாமா பெரிதாகச் சிரித்தார். தம்பி பெண்டாட்டியின் தம்பி அவர், பிள்ளைகளுக்கு மாமா. ஆறடி உயரம். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதைத் தானே செய்ததுபோலப் பேசுகிறவர். க்யூ கிடையாது என்று கேள்விப்பட்டதும் ஐந்தாவது ஆளாக ஒட்டிக்கொண்டிருந்தார்.

கவுண்டர் பெண் ஓர் அட்டையைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டினாள். லிஃப்டக்கா ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் வந்து நின்று அட்டையைக் காட்டினால் போதும், ஏறுகிறவர்கள் ஏறலாம். ராட்டினத்துக்கு மட்டும் நேரம் குறித்துத் தந்தாள். நாற்காலியை ஏற்ற ராட்டினத்தையே நிறுத்த வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான். நான்கு முப்பது, ஆறு பேர்.

அவள் அதை நான்கு தடவை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள்.

ரோலர் கோஸ்டர். பேய் வீடு. சுழலும் கோப்பை. மறுபடி ரோலர் கோஸ்டர். ஒவ்வொன்றின் வாசலிலும் போய் நின்றாள், அட்டையைக் காட்டினாள், அவர்கள் உள்ளே ஓடினார்கள். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தவர்கள் இந்த ஐந்து பேரையும் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் வந்த கோபம் அவளிடம் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கலைந்தது. பிறகு அவள் வெளிவரும் வழிக்குப் போய்க் காத்திருப்பாள். பைகள் நாற்காலியின் முதுகில் தொங்கின. தொப்பிகள் மடியில். போன் விழுந்து உடைந்துவிடும் என்று ஐந்து பேரும் போனை ஒரு துணிப்பையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

"அத்தை, நீ எங்க பீரோ" என்றான் சின்னவன், ஆசையாக.

வெளியே வரும்போது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வருவார்கள். எந்தத் திருப்பத்தில் யார் கத்தினார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, "அப்படியா!" என்பாள். மூன்றாவது தடவை அந்த "அப்படியா" தனக்கே லேசாகக் கரகரத்தது.

மூன்று மணிக்குமேல் பேட்டரி விளக்குகளில் இரண்டுதான் மிச்சம். ஏற்றமும் இறக்கமுமான வழிகள், முதுகில் மூட்டை. குட்டி மாமா குனிந்து பார்த்தார்.

"பேட்டரிய மிச்சம் பிடிப்போம். இனிமே நான் தள்றேங்க்கா. மோட்டாரைக் கழட்டிட்டா சும்மா சைக்கிள் மாதிரி உருளும்."

பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புக் கைப்பிடிகள் உண்டு. மேலே தூக்கினால் சக்கரம் மோட்டாரிலிருந்து விடுபடும். அவர் தூக்கினார். தள்ளினார். சும்மா சைக்கிள் மாதிரி உருளவில்லை, ஆனால் உருண்டது. படகுச் சவாரியின் வெளிவாசலுக்குப் பக்கத்தில், புகைப்படக் கடை நிழலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"மணி மூணு அம்பது. இருபது நிமிஷத்துல வந்துடுவோம்" என்றான் தம்பி. "நேரா ராட்டினந்தான்."

அவர்கள் உள்ளே போய்க் கதவு மூடிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஜாய்ஸ்டிக்கை அசைத்துப் பார்த்தாள். மூன்று தடவை கீச்சிட்டு, ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கியது. சிவப்புக் கைப்பிடிகள் இன்னும் மேலேயே இருந்தன. அவை முதுகுக்குப் பின்னால், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில். அவளுக்கு அது வேறொரு ஊர்.

சரி, வந்துவிடுவார்கள்.

நான்கு பத்து. நான்கு பதினைந்து. படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சரிந்து விழும் சத்தம் கேட்டது. நனைந்த குடும்பங்கள் வெளியே வந்தன. தன் குடும்பம் எது என்று அவள் ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். போன் பண்ணலாம் என்று நினைத்தாள். கழுத்துப் பையில் ஐந்து போன்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

நான்கு இருபது. ராட்டினம் இங்கிருந்தே தெரிந்தது. சரிவில் ஏறினால் ஐந்து நிமிஷம்.

புகைப்படக் கடையில் கூட்டம் நெரிந்தது. அவள் கூப்பிட்டது கடைக்காரருக்குக் கேட்கவில்லை. ஒரு தம்பதியிடம் "கொஞ்சம் இங்க..." என்று தொடங்கினாள். அவர்கள் அவசரமாக முறுவலித்துவிட்டு நடந்தார்கள். கடந்து போனவர்களில் நிதானமாக நடந்தது ஒரு கரடி மட்டும்தான்.

ஆள் உயரத்துக்குமேல் ஒரு பொம்மைக் கரடி வேஷம். பெரிய உருண்டைத் தலை, கையில் பலூன் கொத்து. பிள்ளைகளுக்குக் கையாட்டிக்கொண்டு வந்தது.

"கரடி சார்!" என்று கூப்பிட்டாள். "கொஞ்சம் நில்லுங்க."

கரடி நின்றது. தலை அவள் இருக்கும் திசைக்குச் சற்றுத் தள்ளித் திரும்பியது. உள்ளே இருப்பவருக்குக் கரடியின் வாய் வழியாகத்தான் பார்வை போலிருக்கிறது. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரியும்.

"ஒரு உதவி வேணும். பேசலாமா உங்ககிட்ட?"

கரடி வாயைப் பொத்திக் காட்டிற்று. வேஷத்தில் பேசக்கூடாதாம்.

"பரவால்ல, தலையாட்டுங்க போதும். இந்த நாற்காலிக்குப் பின்னால ரெண்டு கைப்பிடி தூக்கி இருக்கு. அதைக் கீழ இறக்கினா நான் போயிடுவேன். எனக்கு எட்டாது."

கரடி தலையாட்டியது. பின்பக்கம் போய்க் குனிந்தது. மெத்தைக் கை பைகளைத் தடவியது, ஒரு தொப்பியை இழுத்தது. தலை பெரிதாக இருந்ததால் குனிந்த பிறகு அதற்கு எதுவுமே தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சு அவளுக்கு நன்றாகப் பழக்கம். மூடிய இடத்தில், வெக்கையில், அவசரமில்லாதவர்போல இருக்க முயல்கிறவரின் மூச்சு.

அவள் குரல் தானாக இறங்கியது. வேலைக் குரல்.

"அவசரமே இல்லீங்க. கையில என்ன வெச்சிருக்கீங்க? பலூனா? அதை என் கையில குடுங்க முதல்ல. ஆங். இப்ப வலது கையை சக்கரத்து மேல வைங்க. ரப்பர் தட்டுப்படுதா? அப்படியே முன்னாடி வாங்க, மெதுவா. ஒரு இரும்பு வரும்."

நாற்காலி லேசாக அதிர்ந்தது.

"அதேதான். கீழ அழுத்துங்க. பலமா. உடையாது, இது என்னைவிட கெட்டி."

டக்.

"ஒன்னு முடிஞ்சுது. உள்ள ரொம்ப வெக்கையா?"

கரடி நிமிர்ந்து அவள் பக்கத்தில் வந்து, பெரிய தலையை மேலும் கீழும் ஆட்டியது. நிறுத்தாமல் ஆட்டியது. இதை யாரும் கேட்டதில்லை போல.

"எத்தனை மணிக்குக் கழட்டுவீங்க? கையில காட்டுங்க."

மெத்தைக் கையில் நான்கு விரல்தான். கரடி ஒரு கையை விரித்துக் காட்டியது. பிறகு யோசித்து, இன்னொரு கையில் ஒரு விரலைச் சேர்த்தது.

"அஞ்சு மணிக்கா? இன்னும் கொஞ்ச நேரந்தான். இப்ப இடது பக்கம்."

டக்.

மஞ்சள் விளக்கு அணைந்தது. அவள் பலூன்களைத் திருப்பிக் கொடுத்தாள். கரடி ஒரு பலூனை அவள் கையில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் கூட்டத்துக்குள் நடந்தது. அதன் முதுகு மறைகிறவரை பார்த்துவிட்டு அவள் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள். நாற்காலி முன்னால் இருந்த கல்லை மிதித்துக்கொண்டு ஏறியது. குட்டி மாமா தள்ளியதால் பேட்டரி மிச்சமிருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ராட்டினத்தடியில் அவள் போய்ச் சேர்ந்தபோது நான்கு இருபத்தொன்பது. ராட்டினக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். சாயம் போன நீலச் சட்டை, பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும் காது.

"ஆறு பேர்னு போட்டிருக்கே?"

"வந்துட்டிருக்காங்க."

அவர் ராட்டினத்தை நிறுத்தினார். மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று கீழே வந்து நின்றது. சரிவுத் தகட்டை இறக்கி, கதவை அகலத் திறந்தார். உள்ளே நடுவில் நாற்காலிக்கு இடம், சுற்றிலும் ஐந்து இருக்கைகள். எல்லாம் சரியாக இருந்தது.

அவள் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு முப்பத்திரண்டு. சின்னவனுடையது போல ஒரு பச்சைச் சட்டை வந்தது, அவன் இல்லை. நான்கு முப்பத்தைந்து.

"இன்னும் அஞ்சு நிமிஷம் வேணா பாக்கலாம்க்கா" என்றார் ராட்டினக்காரர். "எனக்கொன்னும் இல்ல. மேல இருக்கறவங்கதான் கத்துவாங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் ஒரு நீலப் பெட்டி அசையாமல் நின்றது. அதன் கண்ணாடியில் யாரோ இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து வைத்திருந்தார்கள். அங்கே மணிப் பொத்தான் இருக்கிறதா, இருந்தால் எங்கே அடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கைகளை அவள் பார்த்தாள். சரிவையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஏத்துங்க" என்றாள்.

"தனியாவா?"

"மேல நிக்கறாங்கல்ல. ஏத்துங்க."

கதவு மூடியது. பெட்டி எழும்பியது. ஐந்து இருக்கைகளும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. பலூன் கூரையில் போய் முட்டி நின்றது.

மேலே போகப் போக நகரம் வரைபடம்போல விரிந்தது, ஊசிகள் இல்லாமல். ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. ஆற்றோரம் இருக்கும் வெள்ளைக் கட்டடம், இருபத்திரண்டு மாடி. மூன்றாம் நம்பர் லிஃப்ட் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் நிற்கும். அதற்கு இடப்பக்கம் பழைய ஆஸ்பத்திரி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மீன்காரர் வீடு. பக்கத்தில் யாராவது இருந்தால் கை நீட்டிக் காட்டியிருப்பாள். "அதோ, அங்கதான் அந்த மீன்" என்று. கை பாதி எழுந்துவிட்டது. அதைத் திரும்ப மடியில் வைத்தாள்.

உச்சியை நெருங்கும்போது கழுத்துப் பையில் ஒரு போன் அடித்தது. ஐந்தில் எது என்று தேடி எடுத்தாள். தம்பியுடையது. தெரியாத எண்.

"வணக்கம், எங்க மாட்டிக்கிட்டீங்க?" வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அக்கா! நான்தான்! எங்க இருக்கே? வெச்ச எடத்துல காணோம்!"

"உன் போனுக்கே கூப்பிடறே?"

"உன் நம்பர் எவனுக்கு ஞாபகம் இருக்கு? எனக்குத் தெரிஞ்சது என் நம்பர்தான். போட்டோ கடைக்காரர்கிட்ட கெஞ்சி வாங்கிப் பேசறேன். எங்க போயிட்டே நீ?"

தம்பியின் ஆபீஸ் லிஃப்டிலும் அவள் மேஜை எண் ஒட்டியிருக்கிறது. தினமும் நான்கு தடவை அதன் முன்னால் நிற்கிறான்.

"இவ்ளோ நேரம் என்னடா பண்ணீங்க?"

"இன்னொரு ரவுண்டு போனோம்க்கா. கூட்டமே இல்ல, பசங்க விடமாட்டேன்னுட்டாங்க. ஜெயண்ட் வீல் எங்க ஓடிடப்போகுதுன்னு... ஏய் சும்மா இருடா. இவன் வேற, நனைஞ்சு நடுங்கறான். துண்டு உன் பையில இருக்கு."

"கையில என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டாள்.

"என்னது?"

"சும்மா. கையில என்ன வெச்சிருக்கே?"

"ஒன்னுமே இல்லக்கா. எல்லாம் உங்கிட்டதானே இருக்கு!"

கீழே, புகைப்படக் கடையின் சிவப்புக் கூரை தெரிந்தது. அதன் ஓரத்தில் ஐந்து புள்ளிகள். ஒன்று நெட்டை. ஒன்று குதித்துக்கொண்டிருந்தது.

"மேல இருக்கேன்" என்றாள். "ராட்டினத்துல. மஞ்சப் பெட்டி. அண்ணாந்து பாரு."

போனில் கூச்சல். "அத்தை மேல இருக்காங்களாம்! மஞ்சளாம்! எங்க, எங்க?" ஐந்து புள்ளிகளும் நகர்ந்து ஒன்றாகின. கைகள் தூக்கப்படுவதுபோல இருந்தது. அவளும் வலது கையைக் கண்ணாடியில் வைத்தாள்.

"அதோ! பாத்துட்டேன்! அத்தை கை ஆட்டறாங்க!"

அவள் கை ஆடவில்லை, கண்ணாடியில் பதிந்துதான் இருந்தது. எதிர்ப்பக்கம் பார்த்தாள். ராட்டினத்தில் மஞ்சள் பெட்டிகள் நான்கு. தாழ்வாக வந்துகொண்டிருந்த ஒன்றில் யாரோ ஒரு குடும்பம், நான்கைந்து பேர், ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து இரண்டு கைகளாலும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த ஐந்து பேரும் அவர்களைப் பார்த்து ஆட்டினார்கள்.

"தெரியறோமாக்கா? நாங்க தெரியறோமா?"

"தெரியறீங்க" என்றாள். "நல்லாத் தெரியறீங்க."

"சூப்பர்! சரி, கடைக்காரர் முறைக்கறார். வெச்சிடறேன். சீக்கிரம் இறங்கி வா, துண்டு வேணும்."

தொடர்பு அறுந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பெட்டி உச்சியைத் தாண்டி மெல்ல இறங்கத் தொடங்கியது. வெள்ளைக் கட்டடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போயிற்று. ஆஸ்பத்திரி மரங்களுக்குப் பின்னால் போயிற்று. போனில் காலடிச் சத்தம்கூட இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தரை வந்தது. ராட்டினக்காரர் தகட்டை இறக்கிக் கதவைத் திறந்தார்.

"முடிஞ்சுதுக்கா" என்றார்.

அதன் பிறகுதான் அவள் போனைப் பைக்குள் வைத்தாள்.